களிப் பானையும் சூரியப் பெட்டியும்: பென்னாகரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சூரிய அடுப்பு அறிமுகம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காப்புக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில், மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் வழியாக எட்டுக் குடும்பங்களுக்குச் சூரிய அடுப்பு அறிமுகம் செய்யப்பட்டது. ஒரு தை மாதக் கடைசியில் தொடங்கி அடுத்த தை வரை நடந்தவற்றை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. ஊரின் பெயரும் குடும்பங்களின் பெயர்களும் அவர்களின் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. அக்குழுவோடு நெடுங்காலமாக வேலை செய்துவரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர்களாக நாங்கள் இதில் பங்கேற்றோம்.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாக உருவானது தருமபுரி மாவட்டத்தில்தான். ஆகவே இங்குள்ள பெண்களுக்குக் குழுக் கூட்டமும் உள்கடனும் தவணையும் பழகிப்போனவை. ஒரு புதுப் பொருள் ஊருக்குள் வந்தால், அதை வாங்குவதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க அவர்களுக்கு ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. இந்த நிகழ்வில் எது நன்றாக நடந்ததோ, அதில் பெரும்பகுதிக்கு அந்த இடமே காரணம்.

ஊரில் அநேகமாக எல்லா வீட்டிலும் கேஸ் இணைப்பு உண்டு. 2016-இல் உஜ்வலா திட்டம் வந்தபின் இணைப்பு பெற்றவர்களும் அவர்களுள் உள்ளனர். ஆனால் 14.2 கிலோ சிலிண்டர் தீர்ந்தால் மறுசிலிண்டருக்கு ஒரே தடவையில் பணம் புரட்ட வேண்டியிருப்பதால், கேஸ் அடுப்பு காலைத் தேநீருக்கும், தாளிப்புக்கும், விருந்தாளி வந்தால் சோற்றுக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. மற்றவை எல்லாம் விறகில்தான். சீமைக்கருவேல முள், உன்னிக் குச்சி, துவரை மார், புளியஞ்சுள்ளி ஆகியவையே விறகு. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்ட பகுதி அருகில் இருப்பதால், காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போவதற்கு வனத்துறையின் கெடுபிடி ஒருபுறம், யானை பற்றிய அச்சம் மறுபுறம். சூரிய அடுப்பைப் பற்றிக் குழுவில் முதலில் கேட்டவர்கள் பெண்களே; அந்தக் கேள்வி எழக் காரணம் விறகுக்கு நடக்கும் நடைதான்.

அடுப்புக்கு முன் பானை

பெட்டிகளைக் கொண்டுவருமுன், எந்தப் பானை எந்த நேரத்தில் எந்த அடுப்பில் ஏறுகிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பெண்களே குறித்துவர ஏற்பாடு செய்தோம். எழுதத் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். இந்த எளிய குறிப்பு, கையேடுகள் எதுவும் சொல்லாததைச் சொன்னது.

இவ்வூரின் உணவு கேழ்வரகுக் களி. நண்பகலில் உண்பது பெரும்பாலும் காலையிலோ முந்தைய இரவிலோ ஆக்கியது; சூடான களி மாலை இருட்டிய பின்புதான் கிண்டப்படுகிறது. களிக்கு உலைநீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், நொய் வேக வேண்டும், அதன் மேல் மாவைக் கொட்டி, பானையைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் முழு பலத்தோடு கிண்ட வேண்டும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இதற்கு இடமே இல்லை. அந்த நேரத்தில் வெயிலும் இல்லை. ஆக, இவ்வூரின் தலையாய உணவு சூரிய அடுப்பின் எல்லைக்கு முற்றிலும் வெளியே இருந்தது.

மறுபக்கம், களிக்குத் துணையாக வரும் கொள்ளு, துவரை, காராமணி, மொச்சை, உலர்ந்த அவரைக்கொட்டை ஆகியவைதாம் அடுப்பை நெடுநேரம் பிடித்துவைத்திருந்தன. இவற்றைக் கிளற வேண்டியதில்லை. மெல்லிய சூட்டில் நெடுநேரம் கிடந்தாலே வெந்துவிடும். குளிக்க வெந்நீர், பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், மாட்டுக்குக் கொள்ளு ஆகியவையும் அதே வகையைச் சேர்ந்தவை. ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைப்பது என்னும் நோக்கத்தைக் கைவிட்டு, அதன் மேலிருந்து ஒரு பானையை மட்டும் இறக்குவது என்னும் நோக்கத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டது இந்தக் குறிப்புகளைப் படித்த பின்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எந்த வகை அடுப்பு என்பது. பரவளைய வடிவக் கிண்ண அடுப்பு ஒளியை ஒரு புள்ளியில் குவிப்பதால் நல்ல தீயைப் போன்ற சூடு தரும். அதில் தாளிக்கவும் முடியும். களியும் கிண்டலாமே என்று குழுவில் சிலர் கேட்டார்கள். ஆனால் அதன் பானை தாங்கி, கவைக்கோலின் அழுத்தத்தையும் துடுப்பின் உதையையும் தாங்குவதற்குச் செய்யப்பட்டதன்று. தவிர, கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை கிண்ணத்தைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். கூசும் ஒளியின் அருகே நடுப்பகலில் ஒருவர் நிற்க வேண்டும். சுற்றிலும் குழந்தைகள் விளையாடும் வாசலில் அந்த ஒளிப்புள்ளி ஆபத்தானது. ஆகவே பெட்டி வகையையே தேர்ந்தோம். உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி, பக்கங்களில் வெப்பம் கடத்தாத பஞ்சு, மூடியில் வெயிலை உள்ளே திருப்பிவிடும் ஒரு முகக்கண்ணாடி என்ற பழைய அமைப்புதான் அது.

பெட்டியின் வலிமையை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது முடிவு. அரை மீட்டருக்கு அரை மீட்டர் திறப்புள்ள பெட்டியின் மேல் நல்ல உச்சி வெயிலில் விழுவது சுமார் 225 வாட். முகக்கண்ணாடி கொஞ்சம் கூட்டித் தரும். அதில் உணவைச் சென்றடைவது ஒரு கேஸ் பர்னர் தரும் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிநிலையை நெருங்கவே இரண்டு மணி நேரம் ஆகலாம். இதை முதல் கூட்டத்திலேயே, ‘களி ஆகாது, தாளிப்பு ஆகாது, அவசரத்துக்கு ஆகாது’ என்று சொல்லிவிட்டோம். 1950-களில் தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய அடுப்பு தொடங்கி, இந்நாட்டில் சூரிய அடுப்புகள் வீடுகளில் நிலைக்காமல் போனதற்கு, வாங்குவோரிடம் சொல்லப்பட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையிலிருந்த தூரமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான கருத்து.

குடிநீரைப் பற்றியும் ஒரு தெளிவு தேவைப்பட்டது. சூரியப் பெட்டியில் தண்ணீரை 65 பாகை செல்சியஸுக்கு மேல் சிறிது நேரம் வைத்தால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் பெரும்பாலான கிருமிகள் இறந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்குழாய்க் கிணற்று நீரின் தொல்லை ஃபுளோரைடு. பல்லில் கறையும் எலும்பில் முடக்கமும் தரும் அந்த உப்பு, காய்ச்சினால் போகாது. நீர் ஆவியாகக் குறையுமே தவிர உப்பு குறையாது என்பதால் அதன் செறிவு கூடவே செய்யும். எனவே ‘தண்ணீரைச் சுத்தமாக்கும் பெட்டி’ என்ற பேச்சை முழுவதுமாக விலக்கினோம். குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர்தான் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் திரும்பச் சொல்லப்பட்டது.

பெட்டிகளை இலவசமாகத் தருவதில்லை என்பதும் குழுவே எடுத்த முடிவு. ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம், வேண்டாமென்றால் திருப்பித் தரலாம், வேண்டுமென்றால் உள்கடனாகத் தவணையில் கட்டலாம் என்று தீர்மானம் எழுதினார்கள். திருப்பித் தரலாம் என்ற விதிதான் பின்னால் பெரிதும் பயன்பட்டது. பொருளைப் பிடிக்கவில்லை என்பதை வெட்கமின்றிச் சொல்ல அது வழி செய்தது.

எட்டு வீடுகளில் மூன்று, புளி தட்டும் வேலை செய்யும் வீடுகள். இரண்டு, பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் வீடுகள். ஒன்று, மகன் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போய்விட்ட முதிய தம்பதியர் வீடு. ஒன்று, கைக்குழந்தையுள்ள வீடு. ஒன்று, ஒன்பது பேரும் உழவு மாடுகளும் உள்ள கூட்டுக் குடும்பம்.

முதல் கோடை: வாசலும் திசையும்

மாசி முதல் சித்திரை வரை வெயிலுக்குக் குறையில்லை. குறை இருந்தது இடத்துக்கு. தொகுப்பு வீடுகளின் தளத்துக்கு ஏறப் படிக்கட்டு இல்லை. வாசலிலோ புங்கமர நிழல். ஒரே சந்தில் எதிரெதிரே வீடுகள் இருக்கும் தெருவில் பெட்டியை வெளியே வைப்பதென்றால், இன்று இந்த வீட்டில் என்ன சமையல், எவ்வளவு சமையல் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டு மாமியார், ‘நாலு பேர் கண் படுற இடத்துல சோத்தை வெச்சிட்டு உள்ள உக்கார முடியுமா?’ என்று கேட்டார். கண்ணேறு பற்றிய அச்சம் மட்டும் அதில் இல்லை. வறுமை வெளியே தெரியும் என்ற கூச்சமும் இருந்தது. அந்த வீட்டில் பெட்டி கொல்லைப்புறத்துக்கு மாற்றப்பட்டு, சுற்றி ஒரு தட்டி கட்டப்பட்டது. நாயும் கோழியும் ஆடும் நெருங்காமலிருக்கவும் அந்தத் தட்டி உதவியது.

திசையிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பெட்டியோடு வந்த கையேடு, முகப்பைத் தெற்கு நோக்கி வைக்கச் சொன்னது. வட இந்தியாவுக்கு அது சரி. தருமபுரி 12 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை சற்றே வடக்கில் நிற்கிறது. சித்திரை பிறந்து சில நாளில், தெற்கு நோக்கிய பெட்டியில் முகக்கண்ணாடியின் நிழலே உள்ளே விழுவதைப் புளி தட்டும் வீட்டுப் பெண் ஒருவர்தான் முதலில் கண்டார். அவர் சொன்னபின், காலையில் கிழக்கு முகமாகவும் உச்சி சாய்ந்ததும் மேற்கு முகமாகவும் வைப்பது, சித்திரை முதல் ஆவணி வரை தெற்கை மறந்துவிடுவது என்று எல்லா வீடுகளுக்கும் வழிமுறை மாற்றப்பட்டது.

கூட்டுக் குடும்பம் ஒரு மாதத்தில் பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டது. ஒன்பது பேருக்கான குழம்புப் பருப்பு அதன் பாத்திரங்களில் கொள்ளவில்லை. மாட்டுக்கான கொள்ளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிப் பார்த்தார்கள். கடன் வாங்கி மாட்டுக்கு அடுப்பா என்று வீட்டுப் பெரியவர் மறுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயமே. அந்தப் பெட்டி குழுவிடமே இருந்தது.

பருப்பு வேகாத வீடு

இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகுந்த பாடம் தந்த பகுதி இது. புளி தட்டும் வீடுகள் மூன்றும் அடுத்தடுத்தவை. ஒரே வெயில், ஒரே வகைப் பெட்டி, ஒரே கடைத் துவரம்பருப்பு. இரண்டு வீடுகளில் இரண்டரை மணி நேரத்துக்குள் பருப்பு மலர்ந்து வெந்தது. மூன்றாம் வீட்டில் மாலை வரை கிடந்தும் விதை விதையாக நின்றது. பெட்டியில் பழுது என்று எண்ணி, பக்கத்து வீட்டுப் பெட்டியோடு மாற்றிவைத்துப் பார்த்தோம். பெட்டி மாறியும் பருப்பு வேகவில்லை.

விடையைச் சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெண். ‘அக்கா, நீ போர் தண்ணி ஊத்துற, உப்புத் தண்ணியில பருப்பு எப்ப வெந்துச்சு?’ என்றார். ஆழ்குழாய் நீரில் மிகுந்துள்ள சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் பருப்பின் தோலிலும் செல்களுக்கு இடையிலும் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. விறகு அடுப்பில் அல்லது பிரஷர் குக்கரில் கடும் சூடு அந்தக் குறையை மறைத்துவிடும். பெட்டியின் மென்சூட்டுக்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது. அந்த வீட்டில் குடிநீருக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரையும், சமையலுக்குப் போர் தண்ணீரையும் பயன்படுத்தி வந்தார்கள். காரணம், குழாயில் தண்ணீர் வராத நாள்களில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வரும் என்ற கவலை.

பருப்புக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீர் ஊற்றுவது, கொள்ளையும் காராமணியையும் முந்தின இரவே ஊறவைப்பது, உப்பையும் புளியையும் வெந்தபின்பே சேர்ப்பது என மூன்றும் அந்த வீட்டில் பழக்கமாயின. அதன்பின் அங்கும் பருப்பு வெந்தது. இதில் எனக்கு வியப்பளித்தது, இந்த அறிவு அனைத்தும் ஊரிலேயே இருந்தது என்பதுதான். ஒவ்வொரு பெண்ணுக்கும் தம் வீட்டுத் தண்ணீரின் குணம் தெரியும். சூரிய அடுப்பைப் பற்றிய எங்கள் பயிற்சியில்தான் தண்ணீர் என்ற தலைப்பே இல்லாமலிருந்தது.

புளி தட்டும் வீடுகளில் பெட்டி நன்றாக ஊன்றியதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். புளி அறுவடை மாசியில் தொடங்கிச் சித்திரைக்குமேலும் நீள்கிறது. ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுக்கும் வேலைக்குக் கிலோ கணக்கில் கூலி. பெண்கள் திண்ணையில் உட்கார்ந்தபடியே நாள் முழுதும் தட்டுகிறார்கள். எழுந்து போய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் கூலி குறையும். கையில் ஒட்டிய புளியைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டி கண்ணெதிரே இருக்கிறது, ஒரு மணிக்கொரு தரம் திருப்பினால் போதும். வேலையின் பருவமும் வெயிலின் பருவமும் ஒன்றாக இருந்தன.

வேலைக்குப் போன வீடுகள்

சூரிய அடுப்பை விற்போர் வழக்கமாகச் சொல்வது, ‘காலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள், வந்தால் சாப்பாடு தயார்’ என்பது. நூறு நாள் வேலைக்குப் போகும் இரண்டு வீடுகளை நாங்கள் தேர்ந்ததும் அதை எண்ணித்தான். பங்குனியில் அது நடக்கவும் செய்தது. பெட்டியைப் பதினொரு மணிச் சூரியன் இருக்கும் பக்கம் பார்த்து வைத்துவிட்டுப் போனால், ரேஷன் புழுங்கலரிசி பகலுக்குள் வெந்துவிடும். கஞ்சி வடிக்காத சோறு சற்றுக் குழைவாக இருக்கிறது என்று முதலில் குறைபட்டவர்கள், தண்ணீரைக் குறைத்து அதைச் சரிசெய்துகொண்டார்கள்.

வைகாசியில் பிற்பகல் மேகம் கூடத் தொடங்கியதும் நிலை மாறியது. ஒரு நாள் அரைவேக்காட்டில் வெயில் மறைந்து, மாலை வீடு திரும்பியபோது பருப்பு நுரைத்துப் புளித்துக் கிடந்தது. அதை அவர்கள் கொட்டிவிட்டார்கள், யாருக்கும் தீங்கில்லை. ஆனால் இதை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சமைத்த உணவு 60 பாகைக்கு மேல் இருக்கும்வரை கிருமிகள் பெருகா. வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால், கொதியிலும் சாகாத சில கிருமிகளின் வித்துகள் முளைத்துப் பெருகும். சோற்றில் அவ்வாறு உண்டாகும் ஒருவகை நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சோறு புளிக்காமல், மணம் மாறாமல் இருந்தாலும் அந்த நஞ்சு இருக்கக்கூடும்.

எனவே வைகாசிக்குப்பின் ஆளில்லா வீட்டில் பெட்டியில் உணவு வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினோம். ஒரு வீட்டில் வேலைக்குப் போகாத வயதான அத்தை பகலில் இருந்ததால், வெயில் போனதும் பாத்திரத்தை எடுத்துக் கேஸில் ஒரு கொதி விடும் பொறுப்பை அவர் ஏற்றார். அங்கே பயன்பாடு தொடர்ந்தது. மற்ற வீட்டில் அப்படி யாருமில்லை. அவர்கள் பெட்டியைக் குளிக்கும் வெந்நீருக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆடிக் காற்றும் அடைமழையும்

ஆடியில் விரித்த முகக்கண்ணாடியில் காற்று மோதி இரண்டு பெட்டிகள் புரண்டன. கைக்குழந்தை வீட்டுப் பெட்டியில் மேல்கண்ணாடியும் முகக்கண்ணாடியும் உடைந்தன. முகக்கண்ணாடியைப் பென்னாகரம் கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கிவிட்டோம். மேல்கண்ணாடி பதப்படுத்திய வகை. அதை வெட்ட முடியாது, ஆலையிலிருந்து அளவாகவே வர வேண்டும். சாதாரணக் கண்ணாடியைப் பொருத்தினால் சூடாக இருக்கும்போது தண்ணீர் தெறித்து விரிசல் விடும் என்பதால் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு மழைக்காலம் முழுவதும் நீண்டுவிட்டது. அந்த இளந்தாய் திரும்பவும் விறகில் வெந்நீர் வைத்தார். மற்ற பெட்டிகளின் கால்களில் கல் கட்டப்பட்டது.

ஐப்பசி, கார்த்திகையில் எல்லாப் பெட்டிகளும் மூடியே கிடந்தன. மார்கழியில் வானம் தெளிந்தது. சூரியன் தெற்கே தாழ்ந்திருந்ததால் இப்போது கையேடு சொன்ன தெற்குத் திசை பொருந்தியது. பச்சை அவரைக்கொட்டையும் அப்போதுதான் வந்தது. முதிய தம்பதியர் வீட்டில் இரண்டு பேருக்கான சிறு பானை நாள்தோறும் பெட்டிக்குள் சென்றது. விறகு சுமக்க இயலாத அந்த மூதாட்டிக்கு இந்தப் பெட்டி செய்த உதவியை நான் வேறெதோடும் ஒப்பிட மாட்டேன்.

ஓராண்டு முடிவில்

புளி தட்டும் மூன்று வீடுகளும் முதியோர் வீடும் வெயிலுள்ள நாள்களில் தவறாமல் பயன்படுத்துகின்றன; நால்வரும் தவணையைத் தொடர்ந்து கட்டுகிறார்கள். அத்தை உள்ள வீட்டில் கோடையில் மட்டும். ஒரு வீட்டில் வெந்நீருக்கு மட்டும். கைக்குழந்தை வீட்டில் மேல்கண்ணாடி தை மாதம்தான் வந்து பொருத்தப்பட்டது. அதுவரையிலான தவணையைக் குழு தள்ளிவைத்தது. கூட்டுக் குடும்பம் திருப்பித் தந்த பெட்டிக்கு இப்போது இன்னொரு புளி தட்டும் வீடு கேட்டிருக்கிறது.

பருப்புக்கும் வெந்நீருக்கும் ஆன விறகு குறைந்தது என்று பயன்படுத்தும் எல்லா வீடுகளும் சொல்கின்றன. சிலிண்டர் கூடுதல் நாள் வருவதாகவும் சிலர் சொல்கிறார்கள். களிக்கான விறகில் மாற்றமில்லை. வெயிலில் சூடேறிய தண்ணீரையே உலையாக ஊற்றிப் பார்த்த ஒரு வீடு, அது இருட்டுவதற்குள் ஆறிவிடுவதால் பழைய சாக்கும் வைக்கோலும் சுற்றி வைத்து ஓரளவு பலன் கண்டிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

பெட்டி தருமுன் அந்த வீட்டுத் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பைக் குக்கர் இல்லாமல் வேகவைத்துப் பார்க்க வேண்டும். நடுப்பகலில் வீட்டில் ஆள் இருப்பதை முதல் தகுதியாகக் கொள்ள வேண்டும்; நான்கைந்து பேருக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இந்த அளவுப் பெட்டியைத் தரக் கூடாது. திசையைப் பற்றிய குறிப்பு, தமிழ் மாதங்களைக் கொண்டு, இந்த அட்சரேகைக்கென எழுதப்பட வேண்டும். பதப்படுத்திய மேல்கண்ணாடிகள் ஆடிக்கு முன்பே குழுவின் கையிருப்பில் இருக்க வேண்டும். அதற்கான தொகையைத் தவணையோடு சிறிது சிறிதாகச் சேர்க்க உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர்.

அறிமுகக் காலமும் மாறும். மாசியில் பெட்டி வந்தால் கையில் பழகுவதற்குள் புளி வேலை நெருக்கிவிடுகிறது என்று பெண்கள் சொன்னதால், இனி மார்கழியிலேயே தருவதென்று முடிவாகியிருக்கிறது.

மாலைக் களிப் பானையின் புகை அப்படியே இருக்கிறது. அதைச் சூரியப் பெட்டியால் தொட முடியாது. அடுத்த ஆண்டில் பெட்டி வாங்கும் வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பும் கட்டித் தர வேண்டும் என்றும், கவைக்கோலின் அழுத்தத்தைத் தாங்கும் அகன்ற வாய் அதற்கு வேண்டும் என்றும் குழு கேட்டிருக்கிறது. அந்த அடுப்பின் அளவுகளை, களி கிண்டும் பெண்களே தம் பானைகளை வைத்துப் பார்த்துத் தரையில் கோடு போட்டுக் குறித்துத் தந்திருக்கிறார்கள்.